புது ஆட்களோடு முதல் நடுக்கடல் பயணம்: கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

நாலு பேர் பாய்மரப் படகில் ஏறுகிறீர்கள். ஓட்டத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அப்படியென்றால் உங்கள் படகில் ஒரு மாலுமியும், அவர் கவனித்துக்கொள்ள வேண்டிய மூன்று பேரும் இருக்கிறார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கரை கண்ணுக்குத் தெரிகிறவரை இந்தக் கணக்கு பெரிதாக உறைக்காது. ஏதாவது சரியில்லை என்றால் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம். கரை மறைந்து, இருட்டி, காற்றும் ஏறும்போதுதான் உறைக்கும்.

அதனால் ஏற்பாடுகளை எல்லாம் இரண்டு கேள்விகளைச் சுற்றியே செய்யலாம். மற்ற மூவரும் வாந்தியெடுத்துப் படுத்துவிட்டால் நான் தனியாகப் படகைச் சமாளிப்பேனா? எனக்கே ஏதாவது ஆகிவிட்டால் அந்த மூவரும் உதவி வரும்வரை தாக்குப்பிடிப்பார்களா? முதல் கேள்வியைப் பெரும்பாலானவர்கள் யோசித்துவிடுகிறார்கள். இரண்டாவதை யோசிக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

கரையோரமாகச் சொந்தப் பொறுப்பில் ஓட்டிப் பழகி, முதல் தடவையாக ஓரிரு இரவு கடலில் கழிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாய் ஏற்றி இறக்கவே இன்னும் கை பழகாதவர்கள், முதலில் விவரம் தெரிந்த ஒருவருடைய படகில் ஆளாகப் போய்வருவது நல்லது.

முதலில் ஆட்களோடு பேசுங்கள்

ஒவ்வொருவரோடும் தனியாகப் பேசுங்கள். கூட்டத்தில் கேட்டால் யாரும் தன் உடம்பைப் பற்றி உண்மை சொல்ல மாட்டார்கள். ஆஸ்துமா, சர்க்கரை, வலிப்பு, இதய நோய், ரத்த அழுத்தம், ஒவ்வாமை, கர்ப்பம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். “உடம்புக்கு ஒன்றுமில்லையே?” என்று பொதுவாகக் கேட்டால் “ஒன்றுமில்லை” என்றுதான் பதில் வரும். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர் பயண நாட்களைப் போல இரண்டு மடங்குக்கு எடுத்துவரட்டும். அதை இரண்டு பங்காக்கி வேறு வேறு இடத்தில், தண்ணீர் புகாத பையில் வையுங்கள். நீச்சல் தெரியுமா என்றும் கேளுங்கள். தெரியாதவரை அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. நகர்ந்துகொண்டிருக்கும் படகிலிருந்து விழுந்தவருக்கு நீச்சல் தெரிந்தும் பெரிய பயனில்லை.

அப்புறம் எப்போது ஊர் திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். திங்கள் காலை அலுவலகத்தில் இருந்தே ஆக வேண்டும் என்கிறவரைக் கூட்டிப் போகாதீர்கள். போனால், காற்று சரியில்லாத ஞாயிற்றுக்கிழமை அவருக்காகவே கிளம்பும்படி ஆகிவிடும். கடலில் பல படகுகளைச் சிக்கலில் மாட்டிவிடுவது புயலைவிட நாள்காட்டிதான். பயணத்துக்கு இரண்டு நாள் தேவையென்றால் ஐந்து நாள் ஒதுக்கச் சொல்லுங்கள். போய்ச்சேரும் ஊரிலிருந்து விமானம், ரயில் எதுவும் முன்பதிவு செய்ய வேண்டாம்.

கிளம்புவதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் “நான் வரவில்லை” என்று காரணம் சொல்லாமல் இறங்கிக்கொள்ளலாம், யாரும் கேலி செய்யக்கூடாது என்றும் பேசிவையுங்கள். கிளம்பிய பிறகு திரும்புவது பற்றிய முடிவு உங்களுடையது. அதில் வாக்கெடுப்பு கிடையாது.

எனக்குப் பிடித்த ஆள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்கிறவர். “எனக்குக் கடல் ஒன்றும் செய்யாது” என்கிறவரைக் கண்டால் சற்று யோசிப்பேன். மூன்று புது ஆட்களுக்கு மேல் ஒருவர் கவனிக்க முடியாது என்பதும் என் கருத்து. இரண்டு பேர் என்றால் இன்னும் நல்லது.

கற்றுக்கொடுக்க வேண்டியது கொஞ்சம்தான்

புதியவரை மாலுமியாக்க உங்களுக்கு நேரமில்லை. பாயின் ஒவ்வொரு கயிற்றுக்கும் பெயர் ஒப்பிக்க வைத்துப் பயனுமில்லை. ஒரு பகல், பிறகு நங்கூரமிட்டு ஒரு இரவு, பிறகு கரையோரமாகவே ஓர் இரவுப் பயணம் என்று மூன்று படிகளாகக் கூட்டிப்போங்கள். பகல் பயிற்சிக்குக் கொஞ்சம் காற்றடிக்கும் நாளாகப் பாருங்கள். அமைதியான நாளில் எல்லோருமே நல்ல மாலுமிகள்தான்.

அந்தப் படிகளில் அவர்கள் கைக்கு வர வேண்டியவை: படகை நிறுத்துவது, இன்ஜினை ஓடவிட்டு அணைப்பது, திசைகாட்டியில் ஓர் எண்ணைப் பிடித்து ஓட்டுவது, ரேடியோவில் உதவி கேட்பது, கடலில் விழுந்தவரைக் கண்டால் செய்ய வேண்டியது, வின்ச்சில், அதாவது கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையில், விரல் சிக்காமல் கயிறு சுற்றுவது. பாயின் அடியில் குறுக்காக நிற்கும் பூம் என்ற கட்டை எந்த வழியாக வீசும் என்பதையும், பின்காற்றில் அது எச்சரிக்கையில்லாமல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாயும் என்பதையும் கண்ணால் காட்டுங்கள். சொன்னால் போதாது. தலையில் அடித்து ஆளைக் கொல்லக்கூடிய கட்டை அது. பின்காற்றில் ஓடும்போதெல்லாம் அதை முன்பக்கமாக ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டிவையுங்கள்.

இவற்றில் முதலாவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் இல்லாதபோது அவர்களைக் காப்பாற்றப்போவது அதுதான். காற்று வரும் திசையை ஒட்டி ஓடிக்கொண்டிருக்கும் படகை, முன்பாயின் கயிற்றைத் தொடாமல், காற்றின் ஊடாக மறுபக்கம் திருப்ப வேண்டும். கயிறு அவிழ்க்கப்படாததால் முன்பாய் தப்பான பக்கத்தில் நின்று, காற்றை வாங்கி, படகின் முன்பக்கத்தைக் காற்று போகும் பக்கமாகத் தள்ளும். உடனே சக்கரத்தைக் காற்று வரும் பக்கமாக முழுக்கத் திருப்பிப் பூட்ட வேண்டும். சுக்கான் தடி இருக்கும் படகில் தடியைக் காற்று போகும் பக்கமாகத் தள்ளிக் கட்ட வேண்டும். பெரிய பாயின் கயிற்றைச் சற்றுத் தளர்த்தினால் படகு முன்னேயும் போகாமல் பின்னேயும் போகாமல் மெல்ல ஒதுங்கிக்கொண்டு நிற்கும். அதுவரை முகத்தில் அடித்த காற்றும் தண்ணீரும் பாதியாகக் குறைந்ததுபோல் இருக்கும். புது ஆட்கள் முதன்முதலில் இதைப் பார்க்கும்போது காற்று நின்றுவிட்டதா என்று கேட்பார்கள். எந்த அளவு பாய்க்கு உங்கள் படகு எப்படி நிற்கிறது என்று முன்கூட்டியே பார்த்துவையுங்கள். ஒவ்வொரு படகும் ஒவ்வொரு மாதிரி. பிறகு நீங்கள் கேபினுக்குள் உட்கார்ந்துகொண்டு, வாயே திறக்காமல், அவர்களையே செய்ய விடுங்கள். சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யட்டும்.

படகைப் பார்ப்பது

கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே தொடங்குங்கள். கடைசி வாரத்தில் கண்டுபிடிக்கும் பழுதைச் சரிசெய்ய நேரமிருக்காது. அதைச் சரிசெய்யாமலே போகத் தோன்றும்.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளில் ஆரம்பியுங்கள். ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைக் கம்பியில் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழே உருவிக்கொண்டு வாருங்கள். ஒற்றை இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் பேப்பர் அதில் மாட்டிக்கிழியும். வெறும் கையால் செய்தால் அதே இழை உள்ளங்கையைக் கிழிக்கும். கம்பி முடியும் இடத்தில் உள்ள உலோகக் குழலைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். மயிரிழை அளவு விரிசலோ துருக்கோடோ தெரிந்தால் அந்தக் கம்பியை மாற்றிவிடுங்கள். ஒரு இழை அறுந்த கம்பியோடு கரையோரம் போய்வரலாம் என்று சிலர் சொல்வார்கள். புது ஆட்களோடு வேண்டாம்.

சுக்கானுக்கு அவசரத் தடி ஒன்று படகில் எங்காவது கிடக்கும். பெரும்பாலான உரிமையாளர்கள் அதை ஒருமுறைகூட மாட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். மாட்டிப் பாருங்கள். படுக்கைப் பலகையைக் கழற்றினால்தான் நுழையும் என்றோ, முழு வீச்சில் திருப்பினால் ஏதோ ஒரு கம்பத்தில் இடிக்கிறது என்றோ இப்போதே தெரியட்டும்.

தண்ணீர் மட்டத்துக்குக் கீழே உள்ள ஒவ்வொரு வால்வையும் திறந்து மூடிப் பாருங்கள். அசையாத வால்வு வால்வே அல்ல. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்தத் துளைக்குப் பொருந்தும் மென்மரக் கூம்புக் கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். 4 சென்டிமீட்டர் துளை ஒன்று தண்ணீர் மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே திறந்துகொண்டால் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். சின்ன மின்பம்பு அதற்கு ஈடுகொடுக்காது. கைப்பம்பு இரண்டு வேண்டும்: ஒன்றைக் காக்பிட்டிலிருந்தும் (மேலே உட்கார்ந்து படகை ஓட்டும் இடம்) மற்றொன்றைக் கேபினுக்குள்ளிருந்தும் இயக்க முடிய வேண்டும். இரண்டின் கைப்பிடியையும் அவற்றின் இடத்திலேயே கட்டிவையுங்கள். வால்வுகள், கட்டைகள், தீயணைப்பான்கள், பம்புகள் எங்கே என்று கையால் ஒரு படம் வரைந்து கேபின் சுவரில் ஒட்டுங்கள். உங்கள் ஆட்களை ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

துறையில் ஆண்டுக்கணக்காக ஒழுங்காக ஓடிய டீசல் இன்ஜின், அலையில் குலுங்கிய அன்றே நின்றுபோகும். தொட்டியின் அடியில் படிந்திருந்த கசடு கலங்கி வடிகட்டியை அடைப்பதால் வரும் கோளாறு அது. தொட்டியைச் சுத்தம் செய்யுங்கள். மாற்று வடிகட்டிகள், குளிர்நீர் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் சக்கரம், பெல்ட் எல்லாம் படகில் இருக்கட்டும். வடிகட்டியை மாற்றியபின் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவது எப்படி என்று துறையிலேயே ஒருமுறை செய்து பாருங்கள். ஆடும் படகில் டீசல் வாடையில் முதல்முறையாகக் கற்றுக்கொள்கிற வேலை இல்லை அது.

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே இறங்கிப் படகின் அடிப்பகுதியில் தேங்கும், ஒரு பொறி போதும். சமைத்து முடித்ததும் சிலிண்டர் வாயிலேயே அடைக்கும் பழக்கத்தை எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

விழாமல் இருப்பது

6 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 6 கடல் மைலில், படகு விநாடிக்கு 3 மீட்டர் நகர்கிறது. ஒருவர் விழுந்து, மற்றவர் கத்தி, நீங்கள் படுக்கையிலிருந்து எழுந்து மேலே வர ஒரு நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். விழுந்தவர் 180 மீட்டருக்கு அப்பால் இருப்பார். அலைக்கு நடுவே ஒரு தலை அந்தத் தூரத்தில் பகலிலேயே தெரியாது. இரவில் கேட்கவே வேண்டாம். அதனால் விழுந்தவரை மீட்பது எப்படி என்பதைவிட விழாமல் இருப்பது எப்படி என்பதில்தான் உங்கள் உழைப்பு போக வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துப் போட்டுவிடுங்கள். மார்புக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு கை முஷ்டிக்கு மேல் இடம் இருக்கக்கூடாது. தொடையிடுக்கு வழியாகப் போகும் பட்டையை எல்லோரும் வெறுப்பார்கள். ஆனால் அது இல்லாவிட்டால் ஊதிய ஜாக்கெட் மேலே ஏறிவிடும், ஆள் உள்ளே நழுவுவார். தானாக ஊதும் வகை என்றால் வாயுக் குப்பி இறுக்கமாகத் திருகியிருக்கிறதா, இயக்கும் பாகத்தின் காலாவதித் தேதி என்ன என்று பாருங்கள். வாயால் ஊதி ஒரு ராத்திரி விட்டுவையுங்கள். காலையில் தொய்ந்திருந்தால் அது வேண்டாம். விளக்கும், முகத்தை மூடும் கண்ணாடிபோன்ற உறையும் இருக்கும் ஜாக்கெட்டாகப் பாருங்கள். மிதக்கும் ஆளையும் அலை முகத்தில் அடித்தே மூச்சுத் திணறவைக்கும்.

ஜாக்கெட்டைவிட முக்கியம் படகோடு பிணைக்கும் வார். படகின் இரு பக்கமும் முன்னிருந்து பின்வரை தட்டையான நாடாக்கயிறு கட்டி, அதில் வாரை மாட்டிக்கொண்டு நடப்பதுதான் முறை. உருண்டையான கம்பி காலுக்கடியில் உருளும் என்பதால் நாடாவே நல்லது. முடிந்தவரை நடுப்பக்கமாகக் கட்டுங்கள். ஓரத்தில் கட்டினால் ஆள் விழும்போது தண்ணீருக்குள் தொங்குவார், படகு இழுத்துக்கொண்டே போகும். அப்படி இழுபட்டு மூழ்கியவர்கள் உண்டு. ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று இரண்டு கிளை உள்ள வாரில் எப்போதும் குட்டையானதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். 2017-இல் உலகைச் சுற்றும் படகுப் போட்டி ஒன்றில் அனுபவமுள்ள ஒருவர் முன்பக்கத்தில் வேலைசெய்யும்போது விழுந்தார். வார் மாட்டித்தான் இருந்தார். ஆனால் கொக்கி ஒரு கயிறு கட்டும் முளைக்கு அடியில் சிக்கிப் பக்கவாட்டில் இழுபட்டு வளைந்து கழன்றுவிட்டது. ஆகவே நாடாவின் முனைகளுக்குப் பக்கத்தில் கொக்கி நழுவிப்போய்ச் சிக்கக்கூடிய முளையோ வளையமோ இருக்கிறதா என்று நீங்களே கொக்கியை இழுத்துப் பாருங்கள்.

விதிகள் குறைவாகவும் கறாராகவும் இருக்கட்டும். கேபின் படியிலிருந்து மேலே வருவதற்கு முன்பே வாரை மாட்ட வேண்டும், கீழே இறங்கிய பிறகே கழற்ற வேண்டும். இரவிலும், பாயைச் சுருக்கும் அளவு காற்றிலும், காக்பிட்டில் தனியாக இருக்கும்போதும் மாட்டாமல் இருக்கக் கூடாது. இன்னொருவர் மேலே இல்லாமல் யாரும் முன்பக்கம் போகக் கூடாது. ஆண்கள் படகின் ஓரத்தில் நின்று சிறுநீர் கழிக்கக் கூடாது. சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஒரு கை வேட்டியிலும் மறுகை காற்றிலுமாக விழுந்தவர்களை மீட்புக்காரர்கள் நன்றாக அறிவார்கள். கழிப்பறைக்குள் உட்கார்ந்து போகச் சொல்லுங்கள், சுத்தம் செய்கிறவரும் வாழ்த்துவார்.

அப்படியும் விழுந்துவிட்டால்? பார்த்தவர் உரக்கக் கத்த வேண்டும், மிதவையை எறிய வேண்டும், கையை நீட்டி விழுந்தவரைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது. இன்னொருவர் ஜி.பி.எஸ்-இல் விழுந்த இடத்தைக் குறித்துவைக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். ஓட்டுகிறவர், மேலே சொன்ன மாதிரி, முன்பாயை அவிழ்க்காமல் படகை உடனே காற்றின் ஊடாகத் திருப்ப வேண்டும். அந்த ஒரு பழக்கம் இங்கேயும் உதவும். படகு பக்கத்திலேயே நின்றுவிடும். இன்ஜினை ஓடவிடும் முன் எந்தக் கயிறும் தண்ணீரில் கிடக்கவில்லை என்று பார்க்க வேண்டும், ஆள் பக்கத்தில் வந்ததும் புரொப்பல்லரை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும்.

உண்மையான சிக்கல் அதற்கப்புறம்தான். நனைந்த உடையோடு இருக்கும் ஒரு பெரிய ஆளை, ஒரு மீட்டர் உயரம், இரண்டு பேர் கையால் தூக்க முடியாது. பாய் ஏற்றும் கயிற்றை வின்ச்சில் சுற்றித் தூக்க வேண்டும், அல்லது கப்பி போட்ட கயிறு ஒன்று தயாராக இருக்க வேண்டும். துறையில் கட்டிய படகிலேயே ஒரு தன்னார்வலரைத் தண்ணீரில் இறக்கி, அவர் ஒத்துழைக்காமல் துணிமூட்டைபோலக் கிடக்க, உங்கள் ஆட்களில் எடை குறைந்தவர் அவரை மேலேற்றுகிறாரா பாருங்கள். அந்த ஒரு பயிற்சிக்குப் பிறகு வாரை மாட்டச் சொல்லி நீங்கள் யாரையும் நச்சரிக்க வேண்டியிருக்காது. நெடுநேரம் குளிர்ந்த நீரில் கிடந்தவரை, முடிந்தால், படுத்த நிலையில் தூக்குங்கள். செங்குத்தாகத் தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று விழும்.

வாந்தியும் சாப்பாடும்

முதல் நாள் பாதிப்பேர் படுத்துவிடுவார்கள் என்று வைத்தே திட்டமிடுங்கள். சின்னாரிஸின், மெக்லிசின் போன்ற மாத்திரைகள் வாந்தி ஆரம்பித்த பிறகு பெரிதாக உதவாது. முந்தின இரவே தொடங்குவது நல்லது. எந்த மருந்தானாலும் மருத்துவரைக் கேட்டு, கரையில் ஒருநாள் சாப்பிட்டுப் பார்க்கட்டும். சிலருக்குத் தூக்கம் அப்படி அடிக்கும். தலை சுற்ற ஆரம்பித்தவரைக் கேபினுக்குள் வேலைக்கு அனுப்பாதீர்கள். சுக்கானைக் கையில் கொடுத்து அடிவானத்தைப் பார்க்கச் சொன்னால் பலருக்குச் சரியாகிவிடும். முடியாதவர் படகின் நடுப்பகுதியில், கீழாக, கண்ணை மூடிப் படுக்கட்டும். வாந்தியெடுக்க வாளி கொடுங்கள். ஓரத்துக்குப் போய்க் குனிகிறவர்தான் விழுவார். ஒரு நாள் முழுக்க எதுவும் வயிற்றில் தங்காதவருக்குச் சிறுகச் சிறுக உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துப் பாருங்கள். அதுவும் தங்கவில்லை, சிறுநீர் போவது நின்றுவிட்டது, பேச்சு குழறுகிறது என்றால் பயணம் முடிந்தது, பக்கத்துத் துறைமுகத்துக்குத் திருப்புங்கள்.

சாப்பாட்டில் மெனக்கெட வேண்டாம். முதல் நாளுக்குக் கரையிலேயே சமைத்து எடுத்துப்போங்கள். கையில் பிடித்துச் சாப்பிடக்கூடிய உலர்ந்த பண்டங்கள் நிறைய இருக்கட்டும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், அதோடு மொத்தப் பயணத்துக்கும் கணக்கிட்ட அதே அளவு இன்னொரு மடங்கு இருப்பு. எல்லாத் தண்ணீரையும் ஒரே தொட்டியில் வைக்காதீர்கள்.

வானிலையும் வழியும்

காற்று 15 நாட்டிலிருந்து 21 நாட்டுக்கு ஏறினால் ஆறுதான் கூடியதுபோலத் தோன்றும். பாயின் மேல் விழும் விசையோ இரண்டு மடங்காகிவிடும். வானிலை அறிக்கையில் போடுவது சராசரிக் காற்று. நடுநடுவே வீசும் வேகக்காற்று அதைவிட நாற்பது சதவீதம்கூட அதிகம் இருக்கலாம். அலையின் உயரமும் அப்படித்தான்: அறிக்கையில் 2 மீட்டர் என்றால் அவ்வப்போது 4 மீட்டரை நெருங்கும் ஓர் அலை வரும். நீரோட்டம் காற்றை எதிர்த்து ஓடும் இடங்களில் அதே அலை இன்னும் செங்குத்தாக எழும்.

கிளம்ப ஐந்து நாள் முன்பிருந்து தினமும் இரண்டு வேறு வேறு கணினி மாதிரிகளின் வானிலைக் கணிப்புகளைப் பார்த்து வாருங்கள். இரண்டும் ஒன்றுபோல் சொன்னால், நாளுக்கு நாள் மாறாமலும் இருந்தால் நம்பலாம். முதல் 24 மணி நேரத்துக்குப் பக்கக்காற்றோ பின்காற்றோ 10 முதல் 15 நாட் கிடைக்கும் நாள்தான் புது ஆட்களுக்கு ஏற்றது. எதிர்க்காற்று என்றால் காத்திருங்கள். என்ன ஆனால் திரும்புவது என்பதையும் காகிதத்தில் எழுதிவிடுங்கள்: பத்து மணிக்குள் இந்த இடத்தைத் தாண்டவில்லை என்றால், காற்று இத்தனை நாட்டைத் தாண்டினால், இரண்டு பேருக்கு மேல் படுத்துவிட்டால். களைத்த மூளை கடலில் புதிதாக முடிவெடுக்கச் சிரமப்படும். எழுதியதைப் படிப்பது சுலபம்.

வேகத்தைக் குறைவாகவே போட்டுக் கணக்கிடுங்கள். 100 கடல் மைல், 5 நாட் என்றால் 20 மணி நேரம். விடிந்த பிறகு போய்ச்சேரும்படி புறப்படும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டு வையுங்கள். மின்வரைபடத்தில் பாதை போட்டால், அந்தப் பாதை முழுவதையும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே போங்கள். 2014 நவம்பரில் உலகைச் சுற்றும் போட்டியில் இருந்த தொழில்முறைப் படகு ஒன்று இந்தியப் பெருங்கடலில், மொரிஷியஸுக்கு வடகிழக்கே உள்ள கார்கடோஸ் கராஜோஸ் திட்டில் இரவில் நேராக ஏறியது. ஆட்கள் அனைவரும் பிழைத்தார்கள். திட்டு வரைபடத்தில் இருந்தது. போதுமான அளவு பெரிதாக்கிப் பார்க்காததால் கண்ணில் படவில்லை. மணிக்கொருமுறை அட்சரேகை, தீர்க்கரேகை, திசை, வேகம், காற்றழுத்தம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதும் வேலையைப் புது ஆட்களுக்கே கொடுங்கள். மின்சாரம் போனாலும் எங்கே இருந்தோம் என்று தெரியும். அவர்களுக்கும் தாங்கள் சும்மா வரவில்லை என்ற எண்ணம் வரும்.

உதவி கேட்பது

இந்தப் பகுதி முழுவதும் நீங்கள் இல்லாதபோது அவர்கள் செய்ய வேண்டியது. ரேடியோவுக்குப் பக்கத்தில் ஓர் அட்டையை, அவர்களுக்கு வசதியான மொழியில், பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். மூடியைத் திற, சிவப்புப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடி, பிறகு சேனல் 16-இல் பேசு. மேடே (உயிருக்கு ஆபத்து என்பதற்கான அழைப்பு) என்று மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, அழைப்புக்குறி அல்லது ஒன்பது இலக்க அடையாள எண், மேடே, மறுபடி பெயர், எங்கே இருக்கிறோம், என்ன ஆயிற்று, என்ன உதவி வேண்டும், எத்தனை பேர், ஓவர். படகின் பெயரையும் எண்ணையும் முன்பே எழுதிவிட்டு, இடத்துக்கு மட்டும் காலி கோடு விடுங்கள். ரேடியோவை அணைத்துவைத்துக்கொண்டு, அட்டையைப் பார்த்து உரக்கப் படித்துப் பழகட்டும்.

படகில் வழக்கமாக இருக்கும் வி.எச்.எஃப். ரேடியோ பார்வைக் கோட்டில் மட்டுமே போகும். பாய்மரத்தின் உச்சியில் ஆன்டெனா இருந்தாலும் இன்னொரு பாய்மரப் படகோடு 15, 20 கடல் மைல் வரைதான் பேச முடியும். அதற்கு அப்பால் போகிறீர்கள் என்றால் செயற்கைக்கோள் வழியாகக் கூப்பிடும் 406 மெகாஹெர்ட்ஸ் அபாயக் கருவி வேண்டும். படகுக்கானது குறைந்தது 48 மணி நேரம் சமிக்ஞை அனுப்பும். அதை உங்கள் பெயரில் பதிவுசெய்து, கரையில் உள்ள ஒருவரின் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள். கருவி கூவியதும் மீட்பு மையம் முதலில் அந்த எண்ணைத்தான் கூப்பிடும். எடுப்பவருக்கு எத்தனை பேர், எந்தப் படகு, எங்கிருந்து எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். எத்தனை மணிவரை செய்தி வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதையும் அவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

லைஃப் ராஃப்ட் எனப்படும் ஊதும் மிதவையைப் பற்றி ஒன்றே ஒன்று. 1979-இல் பிரிட்டனின் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் போட்டியில் புயல் அடித்தபோது 24 படகுகளை ஆட்கள் விட்டுவிட்டு இறங்கினார்கள். அவற்றில் 5 மட்டுமே மூழ்கின. மற்றவை மிதந்தபடியே கிடைத்தன. அந்தப் போட்டியில் இறந்த 15 பேரில் சிலர் மிதவைக்குப் போனவர்கள். படகு காலுக்கடியில் மூழ்கும்வரை, அல்லது அணைக்க முடியாதபடி எரியும்வரை, படகிலேயே இருப்பதுதான் பத்திரம். பயந்துபோன புது ஆள் முதலில் ஓட நினைப்பது மிதவைக்குத்தான், அதனால் இதைக் கரையிலேயே சொல்லிவிடுங்கள். மிதவையைப் பராமரிப்புக்குக் கொடுத்து வாங்கிய தேதியையும், அதன் கயிறு படகில் வலுவான இடத்தில் கட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

முதல் இரவு

இருட்டுவதற்கு முன்னாலேயே பாயை ஒரு படி சுருக்கிவிடுங்கள். வேகம் குறைகிறதே என்று யாராவது சொல்வார்கள், சொல்லட்டும். சூடாகச் சாப்பிட்டு, விளக்குகளைப் பார்த்து, கயிறுகளைச் சுற்றிவைத்து முடிக்கும்போது வெளிச்சம் இன்னும் இருக்க வேண்டும்.

காவல் முறையை முதல் இரவுக்கு இரண்டிரண்டு மணி நேரமாக வையுங்கள். புதியவர்களுக்கு இருட்டில் அதற்கு மேல் கவனம் நிற்காது. நீங்கள் முறையில் சேராமல், உடையையும் ஜாக்கெட்டையும் கழற்றாமல், கேபின் படிக்குப் பக்கத்திலேயே படுங்கள். உண்மையாகவே தூங்குங்கள். முதல் இரவு முழுக்க விழித்திருந்த ஸ்கிப்பர் இரண்டாம் நாள் தப்பான முடிவெடுப்பார்.

காவலில் இருப்பவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து முழு வட்டமும் பார்க்க வேண்டும். 7 கடல் மைல் தள்ளி ஒரு கப்பலின் விளக்கு தெரிகிறது, அது 20 நாட், நீங்கள் 5 நாட், நேருக்கு நேர் என்றால் உங்களிடம் 17 நிமிடம்கூட இல்லை. பச்சை விளக்கும் சிவப்பு விளக்கும் சேர்ந்தே தெரிந்தால் கப்பல் உங்களை நோக்கி வருகிறது. ஒரே விளக்குதான் தெரிகிறது என்றால், படகின் கம்பம் ஒன்றை அதோடு ஒட்டிப் பாருங்கள், திசைகாட்டியும் இருக்கட்டும். ஐந்து நிமிடம் கழித்தும் அதே திசையில் நின்றபடி பெரிதாகிக்கொண்டிருந்தால் மோதும் பாதையில் இருக்கிறீர்கள். சுற்றியுள்ள கப்பல்கள் தாங்களே அனுப்பும் இடத்தைக் காட்டும் ஏ.ஐ.எஸ். திரையில் எல்லாக் கப்பலும் வரும் என்று நம்பிச் சும்மா இருக்க வேண்டாம், சின்ன மீன்பிடிப் படகுகள் பலவற்றில் அது கிடையாது.

எப்போதெல்லாம் உங்களை எழுப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்: எந்தக் கப்பல் விளக்கு தெரிந்தாலும், காற்று குறித்த அளவைத் தாண்டினாலும், திசை மாறினாலும், புதிதாக ஏதாவது சத்தம் கேட்டாலும், சந்தேகம் வந்தாலும். எதற்கு எழுப்பினாலும் “நல்லவேளை எழுப்பினாய்” என்று சொல்லி எழுந்திருங்கள். நிலா உதிப்பதைக் கப்பல் தீப்பிடித்ததாக நினைத்து எழுப்புவார்கள், அப்போதும் அதையே சொல்லுங்கள். ஒருமுறை சலித்துக்கொண்டால் அடுத்த முறை அவர் தயங்குவார்.

கரை தெரிந்ததும் எல்லோருக்கும் அவசரம் வரும். துறைமுகம் பழக்கமில்லாததாக இருந்து, நேரம் இரவாகவும் இருந்தால் உள்ளே போகாதீர்கள். கரையிலிருந்து நல்ல தூரத்தில், கப்பல் வழியை விட்டு விலகி, பாயைத் திருப்பிப் படகை நிறுத்திவைத்துக் காவல் முறையைத் தொடருங்கள். விடிந்ததும் நுழையலாம். கயிறு கட்டி முடித்த கையோடு கரையில் காத்திருப்பவருக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள். குளிப்பதும் தூங்குவதும் அதற்குப் பிறகு. அவர் கையில் இருப்பது, இத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் மீட்பு மையத்தைக் கூப்பிடு என்று நீங்களே எழுதிக் கொடுத்த தாள்.